அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை?

கல்வி உதவிநிதி கோரி வரும் மாணவர்களை நேர்காணும் குழுவில் அமர்ந்திருப்பவன் நான். பொறியியல், கணினி, தாதிமை என்று விண்ணப்பத்தில் இருந்தால் உடன் வரும் பெற்றோர் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். அரசியல் அறிவியல் என்று எழுதியிருந்த ஒரு பிள்ளையின் தாயார், மகனை வெளியே அனுப்பிவிட்டுத் தயங்கியபடி கேட்டார்: “ஐயா, இதைப் படித்தால் இவன் தேர்தலில் நிற்கவா போகிறான்? வேலை என்று ஒன்று கிடைக்குமா?” நன்கொடை வழங்கும் அன்பர்கள் சிலரும் இதே ஐயத்தை என்னிடம் எழுப்பியதுண்டு. ஆதலால் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

அரசு எவ்வாறு இயங்குகிறது, நாடுகள் எதற்காக ஒப்பந்தம் செய்கின்றன, வாக்காளர் ஏன் மனம் மாறுகிறார் என்பவற்றை ஆராய்வது இத்துறை. தேர்தலில் நிற்பதற்கான பயிற்சி அன்று. மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆவதுபோல, இதற்கென்று பெயர் சொல்லும் ஒரே வேலை கிடையாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1968ல் தொடங்கப்பட்டு இன்று யூசோஃப் இஷாக் பெயரைத் தாங்கி நிற்கும் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் போன்ற இடங்களில் ஆய்வுப் பணி உண்டு. ஆனால் அந்த இடங்கள் மிகச் சில. பெரும்பாலும் மேற்பட்டமும் கேட்பார்கள்.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? பலருக்கு முதல் வாசல் பொதுச் சேவை. வெளியுறவு அமைச்சின் அதிகாரிப் பணிக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் அனைத்துலக விவகாரங்களை ஊன்றிப் படித்த மாணவருக்கு அந்த நேர்காணல் அந்நியமாக இராது. மற்ற அமைச்சுகளுக்கும் சட்டபூர்வக் கழகங்களுக்கும் கொள்கை வரைவோர் தேவைப்படுகிறார்கள். ஆசிரியப் பணியை விரும்புவோர் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறலாம், பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. வழக்கறிஞராக விரும்பினால், வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே சட்டப் படிப்பு இங்கு இருக்கிறது. அதற்குக் கூடுதல் ஆண்டுகளும் கட்டணமும் ஆகும் என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனியார் துறையைப் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதே இல்லை. 2022 மார்ச் மாதத்தில் சிங்கப்பூர் ரஷ்யா மீது தடைகள் விதித்தபோது, எந்த வங்கியுடன், எந்தப் பொருளுக்குப் பணம் கைமாறக் கூடாது என்பதை இங்குள்ள வங்கிகள் உடனே சரிபார்க்க வேண்டியிருந்தது. விதிமுறையைப் படித்து, உலக நிலவரத்தை அறிந்து, மேலதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் எழுதித் தரத் தெரிந்தவர்களுக்கு வங்கியிலும் இடம் உண்டு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி. நாடாளுமன்ற உரைகள் மொழிபெயர்க்கப்படுகின்றன. அரசாங்க அறிவிப்புகள் தமிழில் வெளிவருகின்றன. 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசும், வானொலியும் தொலைக்காட்சியும் வரவுசெலவுத் திட்டத்தையும் தேர்தலையும் தமிழில் விளக்கியாக வேண்டும். அரசியலும் தெரிந்து, பிழையில்லாத தமிழும் எழுதக்கூடிய பட்டதாரியைத் தேடிப் பாருங்கள், எளிதில் அகப்பட மாட்டார். உயர்நிலைப் பள்ளியோடு தமிழைக் கைவிட்டுவிட்டு, பின்னர் வாய்ப்பில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

காலஞ்சென்ற அதிபர் எஸ். ஆர். நாதன் அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர் படித்தது அரசியல் அறிவியல் அன்று. 1954ல் பெற்றது சமூகவியல் பட்டயம். அதன்பின் முதல் வேலை மருத்துவமனையில் சமூகப் பணியாளர். பிறகு கடலோடிகளின் நலன், தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. 1966ல்தான் வெளியுறவு அமைச்சுக்குப் போனார். தற்காப்பு அமைச்சு, நாளிதழ் நிறுவனம், மலேசியாவிலும் அமெரிக்காவிலும் தூதர் பணி என்று பல படிகள் கடந்து 1999ல் அதிபரானார். இடையே இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். படிப்பின் பெயரை மட்டும் பார்த்து இந்தப் பாதையை யார் ஊகித்திருக்க முடியும்?

எல்லோரும் அதிபராக முடியாதுதான். ஆனால் இத்துறையில் சேர்ந்துவிட்டு விரிவுரைக்கு மட்டும் போய்வரும் மாணவர் சிரமப்படுவார் என்பதைக் கண்டிருக்கிறேன். விடுமுறைகளில் ஓர் அலுவலகத்திலோ நாளிதழிலோ வேலைப் பயிற்சி பெற வேண்டும். புள்ளிவிவரப் பாடத்துக்கு அஞ்சி ஒதுங்கக் கூடாது. மலாயோ மாண்டரினோ ஓரளவு பேசப் பழகினால் நல்லது. தாம் எழுதிய கட்டுரை ஒன்றை நேர்காணலுக்குக் கொண்டுவந்து காட்டும் பிள்ளையிடம் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தொழில் பெயர் இல்லாத படிப்பு என்பதற்காக இத்தகைய பிள்ளைகளின் விண்ணப்பங்களை அடியில் வைத்துவிடாதீர்கள். வேலைப் பயிற்சிக் காலத்தில் பகுதிநேர வேலைக்குப் போக முடியாமல் திண்டாடுகிறவர்கள் இவர்களிலும் உண்டு. அந்தச் சில மாதச் செலவுக்கு உதவினாலே போதும்.

அன்று அந்தத் தாயாரிடம் இவற்றில் பாதியைத்தான் சொல்ல நேரம் இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தவர், “அப்படியென்றால் வீட்டில் மறுபடியும் தமிழ்ப் பேப்பர் வாங்க வேண்டும், ஐயா” என்றார்.