சனிக்கிழமை வாத்திமார்

எம்மவர் மத்தியில் எதற்கெடுத்தாலும் இரண்டு சங்கம், மூன்று பிரிவு என்றிருக்கும் புகலிட வாழ்வில், முப்பது நாற்பது ஆண்டுகளாக ஓரளவு தொடர்ச்சியாக நடந்துவரும் ஒரு வேலை உண்டென்றால் அது வாரஇறுதித் தமிழ் வகுப்புத்தான். (அதிலும் பிரிவுகள் இல்லாமலில்லை. ஒரே நகரில், கூப்பிடு தூரத்தில், இரண்டு தமிழ்ப் பள்ளிகள் நடந்த கதைகள் எல்லா நாடுகளிலும் உண்டு.) மண்டபம் மாறும், நிர்வாகம் மாறும், பெயர்ப்பலகை மாறும். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் மட்டும் அநேகமாக அதே ஆட்கள். சம்பளம் இல்லை. சில இடங்களில் பஸ் காசு கிடைக்கும். அப்படியிருந்தும் இவர்கள் ஏன் வருகிறார்கள்?

'மொழிப்பற்று' என்பது ஆண்டு விழா மேடைகளில் சொல்லப்படும் பதில். பொன்னாடையும் போர்த்துவார்கள். இந்தப் பதில் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. போதாது என்றுதான் சொல்கிறேன். மொழிப்பற்று எம்மில் எல்லோருக்கும் இருக்கிறது. வெள்ளி இரவு வேலை முடித்துவிட்டு, சனி காலை ஒன்பது மணிக்கு இருபது பிள்ளைகளின் இரைச்சலுக்குள் போய் நிற்பவர்கள் ஒரு சிலர்தான். அவர்களை நிற்கவைப்பது வேறேதோ.

டான் லோர்ற்றி என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1975இல் பாடசாலை ஆசிரியர்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். சம்பள உயர்வும் பதவி உயர்வும் மிகக் குறைவான தொழில் இது. இருபது வருடம் படிப்பித்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் பெரிய வேறுபாடில்லை. பிறகு எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்டபோது, ஒரு பிள்ளையை எட்டித்தொட்டோம், அது படித்துவிட்டது என்று அறியும் கணமே தமக்குக் கிடைக்கும் பெரிய கூலி என்று அவர்களிற் பலர் சொன்னார்கள். இதை அவர் உளரீதியான ஊதியம் என்றார். இந்த ஊதியம் மாதமாதம் வருவதில்லை. எப்போது வருமென்றும் தெரியாது.

எங்கள் அரிவரி வகுப்பில் அது எப்படி வருகிறது என்பதைச் சொல்லலாம். தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லி, முழு அட்டவணையையும் சுவரில் தொங்கவிட்டுத் தொடங்கினால் நோர்வேயில் பிறந்த ஆறு வயதுப் பிள்ளை அன்றே வெருண்டுவிடும். அதன் பாடசாலையில் 29 எழுத்துத்தான். உண்மையில் பிள்ளை கண்ணாற் பழகவேண்டியது முப்பத்துச் சொச்ச அடிப்படை எழுத்துகளும் சில குறிகளும், வழிதவறிய சில எழுத்துகளுமே (ணு, று, னு போன்றவை). எனவே ட, ப, ம என்று எழுத இலகுவானவற்றில் தொடங்கி, 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று உடனே சொல்லுக்குப் போகிறோம். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம். விடுமுறைகள் போக, ஆண்டுக்கு முப்பதைந்து சனிக்கிழமை கிடைத்தால் பெரிய காரியம். மாதக்கணக்கில் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. பிறகு ஒருநாள், முன்பு சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லைப் பிள்ளை தானாகக் கூட்டி வாசிக்கும். வாசித்துவிட்டு, அது தன் வீட்டில் அம்மா தினமும் சொல்லும் சொல்தான் என்று கண்டுபிடித்து நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காக அடுத்த ஆறுமாதமும் ஆசிரியர் வருவார்.

இது ஒரு பாதி. மறுபாதியைப் பேச எமக்குக் கொஞ்சம் கூச்சம்.

யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் வாத்தியார் என்பது ஒரு தொழில் மட்டுமல்ல, ஒரு நிலை. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் விவசாயியின் பிள்ளையும் அரச உத்தியோகத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கை பரவியது. 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் எழுபதுகளின் தரப்படுத்தலும் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடியபோது எஞ்சியிருந்தவற்றில் ஆசிரியத் தொழிலும் ஒன்று. பெண்களுக்கோ வீட்டார் மறுப்பில்லாமல் அனுப்பும் முதல் வேலை அதுதான். எழுபது எண்பதுகளில் எமது ஆசிரியர்கள் பலர் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போய்ப் படிப்பித்தார்கள். அங்கும் 'சேர்', 'ரீச்சர்' என்ற மரியாதை அவர்களைத் தொடர்ந்தது.

அகதியாக வந்த நாட்டில் அது தொடரவில்லை. ஊரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர் இங்கு உணவு விடுதியில் கோப்பை கழுவினார். பயிற்றப்பட்ட ஆசிரியை மருத்துவமனைத் தாழ்வாரங்களைத் துடைத்தார். வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிழமையில் ஐந்து நாள் பெயர்கூடச் சரியாக உச்சரிக்கப்படாத ஒருவர், சனிக்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் இருபது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்கின்றன என்றால், அது அவருக்கு மருந்து. அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் தனக்கு விசர் பிடித்திருக்கும் என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். படிப்பிப்பதை அவர் நேசித்தது பிள்ளைகளுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். அவர் மனிதராக நின்றார்.

ஆனால் இழந்த நிலையைத் தேடி வருபவர், பழைய பிரம்பையும் கூடவே கொண்டு வந்துவிடக்கூடும். என்னையே சொல்கிறேன். படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம், ணகரமும் னகரமும் பிழைத்துப் பிழைத்து எழுதிய ஒரு பையனின் காதைத் திருகினேன். அவன் அழவில்லை. 'உங்களுக்கு அது செய்ய அனுமதி இல்லை' என்று நோர்வீஜிய மொழியில் அமைதியாகச் சொன்னான். அவன் சொன்னது சரி. இந்நாட்டுப் பாடசாலைகளில் அடிப்பது 1936இலேயே தடைசெய்யப்பட்டது. 1987 முதல் பெற்றோருக்கும் அந்த உரிமையில்லை. அடுத்த கிழமை அவன் வரவில்லை. பிறகு வரவேயில்லை. தாயைக் கடையில் கண்டபோது உதைபந்தாட்டத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். ஒரு பிள்ளையின் தமிழ் என் கையால் நின்றுபோனது.

இதற்கும் லோர்ற்றியிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. பாடசாலைக் கல்வியை முடிக்கும்போது ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்தபடி இருந்திருப்பார். பயிற்சிக் கல்லூரி சொல்லித் தருவதைவிட இந்தப் பார்வைதான் ஆழப் பதிகிறது என்கிறார். நாங்கள் பார்த்து வளர்ந்தது பிரம்பை. எங்கள் பள்ளியில் இப்போது படிப்பிக்கும் இளம் பெண்கள் சிலர் இங்கு பிறந்து, இங்குள்ள பாடசாலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளோடு நிலத்தில் இருக்கிறார்கள், கேள்வி கேட்க விடுகிறார்கள், விளங்காததை நோர்வீஜிய மொழியில் விளக்கவும் தயங்குவதில்லை. 'தமிழ் வகுப்பில் வெள்ளைக்காரன் பாஷையா' என்று மூத்தவர்கள் முணுமுணுக்கிறோம். ஆனால் அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் நிற்கின்றன. அவர்களில் ஒருத்தியிடம் ஏன் படிப்பிக்க வந்தாய் என்று கேட்டேன். சிறுவயதில் ஊருக்குப் போனபோது தன் தமிழைக் கேட்டு மச்சான்மார் சிரித்ததைச் சொன்னாள். அந்தச் சிரிப்பை இன்னொரு பிள்ளை கேட்கக்கூடாது என்பதுதான் அவள் காரணம். எங்கள் எவருடைய காரணத்தையும்விட அது சுத்தமானதாக எனக்குப் பட்டது.

ஊரிலும் இந்தப் பிடிவாதம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, தம் வீடு வாசலை இழந்த ஆசிரியர்களே சில வாரங்களில் கொட்டில்களிலும், பிற பாடசாலைகளின் பிற்பகல் நேரங்களிலும் வகுப்புகளைத் தொடங்கினார்கள். குண்டுச் சத்தத்துக்கிடையில் ஒழுங்கு என்று பிள்ளைகளுக்கு எஞ்சியது பாட நேரசூசிதான்.

ஆயினும் நேசிக்கிறார்கள் என்பதற்காக இலவசமாகவே செய்யட்டும் என்று விட்டுவிடலாமா? சுவீடனில் 1977 முதல் தாய்மொழிக் கல்வி நகரசபைகளின் பொறுப்பு, ஆசிரியருக்குச் சம்பளமுண்டு. டென்மார்க் 2002இல் ஐரோப்பியரல்லாத பிள்ளைகள் விடயத்தில் அந்தக் கடமையை நீக்கியது. நெதர்லாந்து 2004இல் அரச நிதியை நிறுத்தியது. நோர்வேயில், பாடங்களைத் தொடரப் போதிய நோர்வீஜியம் வரும்வரை, தேவையானால் மட்டுமே அது சட்டப்படியான உரிமை. அரசு கைவிட்ட சுமை வாரஇறுதி வகுப்பின் தலையில் வந்து விழுகிறது. எங்கள் பள்ளியில் அதைச் சுமப்பவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். நிர்வாகக் குழுவிலோ ஆண்கள். பெண்கள் செய்தால் சேவை, ஆண்கள் செய்தால் தலைமை என்ற எமது பழைய கணக்கு இங்கும் பிழைக்கவில்லை.

வரும் பொதுக்கூட்டத்தில் இரண்டு விடயங்களை முன்வைக்க இருக்கிறோம். மண்டப விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி ஆசிரியர்களின் பயிற்சிக்கும் பயணச் செலவுக்கும் போகவேண்டும். நிர்வாகத்தில் அரைவாசி இடம் வகுப்பில் நிற்பவர்களுக்கு. எதிர்ப்பு வரும், தெரியும். அதுவரை அரிவரிக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. பதினான்கு பிள்ளைகள் பதிந்திருக்கின்றன.