ஒரு நீலம், ஒரு ஆரஞ்சுப் படகு, விருத்தாசலத்து அகல் விளக்கு

இந்த எபிசோடை விருத்தாசலத்துல ஆரம்பிச்சு விருத்தாசலத்துலயே முடிக்கப் போறோம். நடுவுல கொஞ்ச நேரம் மட்டும் பாரிஸ் பக்கத்துல இருக்கிற சேன் நதிக்கரைக்குப் போயிட்டு வருவோம்.

விருத்தாசலம்னா சிலருக்கு ரயில்வே ஜங்ஷன். சிலருக்கு மணிமுத்தாற்றங்கரைக் கோயில். அது பீங்கான் ஊரும்கூட. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். வீட்டு மெயின் போர்டுல இருக்கிற ப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மைனு அந்த ஊர் சூளைகள்ல வேகாத சாமான் கிடையாது. செராமிக் படிக்கிறதுக்குன்னே ஒரு அரசு பாலிடெக்னிக் அங்கே இருக்கு.

சரி, இதுக்கும் ஆற்றங்கரை ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்? கோபால்ட்.

பீங்கான் வேலை தெரிஞ்சவங்களுக்கு கோபால்ட் ஆக்சைடு பழகின சரக்கு. சூளைக்குள்ள போகும்போது வெறும் கறுப்புப் பொடி. ஆயிரம் டிகிரியைத் தாண்டின சூட்டிலும் அது காணாமப் போகாது. கிளேஸுக்குள்ள கரைஞ்சு, வெளியே வரும்போது ஆழமான நீலமா நிக்கும். பல நிறங்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. 1802-ல் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் நீலத்தைப் பார்த்துத்தான் ஓவியர்களுக்கான கோபால்ட் நீலத்தை உருவாக்கினார். அதாவது, இம்ப்ரெஷனிஸ்ட்களின் ஆற்று நீலம் முதல்ல சூளையில பிறந்தது.

ஓவியர் ரெனுவாரும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1841-ல் அவர் பிறந்த லிமோஜ், பிரான்ஸின் பீங்கான் நகரம். குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 13 வயசுல ஒரு பீங்கான் பட்டறையில் சேர்ந்து தட்டுல பூ வரைஞ்சார். சில வருஷத்துல படத்தை அச்சடிக்கிற இயந்திரம் வந்தது, அந்த வேலை போச்சு. அப்புறம் விசிறியிலும் திரைச்சீலையிலும் வரைஞ்சு பிழைச்சார்.

'வேலை போனதாலதான் மேதை கிடைச்சார்'னு இந்தக் கதையை இனிப்பா முடிக்கிறவங்க உண்டு. எனக்கு அது பிடிக்காது. அவர் பக்கத்துல உட்கார்ந்து அதே பூவை வரைஞ்சவங்களுக்கும்தானே வேலை போச்சு? அவங்களை யாருக்கும் தெரியாது. இன்னைக்கு நீங்க வாங்குற காபி மக்ல இருக்கிற பூவும் பெரும்பாலும் டீகால் ஒட்டினதுதான். கொலு பொம்மைக்குக் கண் எழுதுற கைக்கு விருத்தாசலத்துல இன்னும் வேலை இருக்குன்னா, அது வாங்குறவங்க கொடுக்கிற விலையை நம்பித்தான்.

இப்போ படத்துக்கு வருவோம். லண்டன் நேஷனல் கேலரியில இருக்கிற 'லா யோல்', ரெனுவார் 1875-ல் வரைஞ்சது. சேன் நதியில ஒரு சின்னத் துடுப்புப் படகு, அதுல ரெண்டு பெண்கள். பின்னால ஒரு வீடு, ரயில் பாலம். அவ்வளவுதான் விஷயம். ஆனா படகு பளிச்சுனு ஆரஞ்சு, தண்ணி நீலம். ரெண்டும் கலக்காம, பக்கத்துல பக்கத்துல நிக்குது. நிறமிகளை ஆராய்ஞ்சு பார்த்தப்ப, படத்துல இருந்த ஒரே நீலம் கோபால்ட் நீலம்தான். கறுப்பு கிடையாது, பழுப்பு மண் நிறங்களும் கிடையாது.

ஏன் ஆரஞ்சு? இதுக்குப் பதில் சாயப் பட்டறையில இருக்கு. கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவைக் கவனிச்ச வேதியியலாளர் ஷெவ்ரேல்கிட்ட, கறுப்பு நூல் மங்கலா தெரியுதுன்னு புகார் வந்தது. பார்த்தா சாயத்துல குறையில்லை. பக்கத்துல இருந்த நூலின் நிறம்தான் கண்ணை ஏமாத்தியிருக்கு. 1839-ல் அவர் போட்ட புத்தகம் சொல்றது இதுதான்: ஒரு நிறம் தன் எதிர்நிறத்தைப் பக்கத்து வீட்டுல தூண்டிவிடும். நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. புடவைக் கடையில பார்டரோட சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் இது புதுசில்லை.

நிழல் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். நிழல்னா கறுப்புனு சின்ன வயசுலயே பழகிட்டோம். வெயில் மறைஞ்ச இடத்துல சூரிய ஒளிதான் இல்லை, வானத்து ஒளி இருக்கு. அது நீலம். அதனால நிழலும் நீலம் கலந்தது.

இதைப் பார்க்க சேன் நதி வேண்டாம். மணிமுத்தாறு வருஷத்துல பல மாசம் மணலாத்தான் கிடக்கு, பரவாயில்லை, தண்ணியும் வேண்டாம். வண்ணம் பூசாத ஒரு வெள்ளைப் பீங்கான் அகல் விளக்கை எடுத்து, மொட்டை மாடியில, வானம் திறந்த இடத்துல, வெள்ளைத் தாள் மேல வைங்க. சாயங்காலம் அஞ்சு மணி வெயில் போதும். வெளிச்சம் படுற பக்கம் லேசா மஞ்சள். நிழல் விழுற இடம் நீலச் சாம்பல். இப்போ ஒரு பேப்பரைக் குழாயா சுருட்டி, அதுக்குள்ள நிழல் மட்டும் தெரியிற மாதிரி பாருங்க. நீலம் கொஞ்சம் குறையும். குறைஞ்ச பங்கு, பக்கத்து மஞ்சள் தூண்டிவிட்டது. மிச்சம் நிக்கிறது வானத்தோடது.