முடியாத வாக்கியத்திற்கு எந்தக் குறி?

ஆங்கிலத்தில் கதையோ உரையாடலோ எழுதுங்கால், பேச்சு நடுவிலே நின்றுபோகும் இடங்கள் உண்டு. அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் இடுவதா, நீண்ட கோடு இடுவதா என்று மாணவர் பலர் மயங்குவர். இரண்டும் ஒன்றேயெனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. வாக்கியத்தை நிறுத்தியவர் யார் என்பதையே இக்குறிகள் அறிவிக்கின்றன.

பேசுவோன் தானே தயங்கிக் குரல் தேய்ந்து அடங்கினால், அதற்குரியவை மூன்று புள்ளிகள். பிறரொருவர் குறுக்கிட்டோ, திடீர் ஓசை எழுந்தோ பேச்சு அறுபட்டால், அதற்குரியது கோடு. களவுக் குற்றம் சுமத்தப்பட்ட ஒருவன், "பணத்தை நான் எடுக்கவில்லை, ஆனால்…" என்கிறான் எனக் கொள்வோம். எதையோ மறைக்கிறான் என்று ஐயுறுகிறோம். "ஆனால்—" என்று எழுதினாலோ, சொல்ல வந்தவனைச் சொல்லவிடாமல் தடுத்துவிட்டனர் என்று இரங்குகிறோம். சொற்களில் யாதொரு மாற்றமும் இல்லை!

இக்குறிகளின் வரலாறு நாடகத்தோடு தொடர்புடையது. ரோம நாடகாசிரியர் தெரன்சின் 'அந்திரியா'வை மோரிஸ் கிஃபின் ஆங்கிலமாக்கி, 1588 இல் அச்சிட்ட நூலில், முறிந்த பேச்சுக்குச் சிறுகோடுகளே இடப்பட்டன. புள்ளிகள் இப்பணிக்குப் பெருவழக்காக வந்தது பிற்காலத்திலேயே.

இவ்வேறுபாட்டை வைத்து விளையாடியவர் லாரன்ஸ் ஸ்டேர்ண். அவரது 'திரிஸ்திராம் ஷாண்டி' 1759 இல் வெளிவரத் தொடங்கியது. பிரசவ வேளையில் ஆண் மருத்துவரைத் தன் அண்ணன் மனைவி விரும்பாமைக்குக் காரணம் சொல்லப் புகுந்த டோபி, வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறார். அதே கணத்தில் அண்ணனின் புகைக்குழல் முறிகிறது. சொல்லி முடித்துவிட்டாரா, குழல் முறிந்ததால் இடையில் நின்றாரா? கதை சொல்வோன் விடை கூற மறுத்து, ஒரு கோட்டை இட்டால் அது அணியாகிறது, கோட்டை நீக்கி விடுபட்ட சொல்லை எழுதினால் ஆபாசமாகிறது என்று நகைக்கிறான். குறியின் வலிமையை இதனினும் நயமாக விளக்கிய இலக்கணநூல் எதனையும் யான் கண்டதில்லை.

இனி, நடைமுறையில் ஓர் எச்சரிக்கை. பிறர் கூற்றை மேற்கோளாகக் காட்டும்போது, நாம் விட்ட சொற்களுக்கும் அதே மூன்று புள்ளிகளை இடுகிறோம். சாட்சியின் வாக்குமூலத்தில் இவ்விரண்டும் கலந்தால், தயங்கியவர் சாட்சியா, வெட்டியவர் எழுத்தரா என்று தெரியாது. ஆகவே நாம் விட்டதைக் காட்டும் புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் இடுவது நன்று. சாட்சி தாமே தயங்கிய இடத்துப் புள்ளிகளுக்கு அடைப்பு வேண்டியதில்லை.