தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள் பூச்சி மருந்து

கண் திறந்து சில நாள்களே ஆன நாய்க்குட்டியின் வயிற்றில் புழு எப்படி வரும்? அது மண்ணை நக்கியதில்லை, தெருவைப் பார்த்ததில்லை, தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. இப்படி நினைப்பதால்தான் பல வீடுகளில் முதல் தடுப்பூசிக்குப் போகும்போதுதான் பூச்சி மருந்தின் நினைப்பே வருகிறது. அதற்குள் குட்டிக்கு ஆறேழு வாரம் ஆகியிருக்கும். சில குட்டிகள் அதுவரை உயிரோடு இருப்பதில்லை.

புழு தாயிடமிருந்தே வருகிறது. நாய்களின் குடலில் வாழும் உருண்டைப்புழுவுக்கு டாக்ஸோகாரா கேனிஸ் என்று பெயர். பெட்டை நாய் எப்போதோ மண்ணோடு விழுங்கிய முட்டைகளிலிருந்து வெளிவந்த இளம்புழுக்கள், தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும் புகுந்து உறங்கிக் கிடக்கும். நாய் சினைப்பட்டு ஏறத்தாழ 42 நாள் ஆனதும் அவை விழித்துக்கொள்கின்றன. நஞ்சுக்கொடியைத் தாண்டி, கருவிலிருக்கும் குட்டிகளின் உடலுக்குள் போகின்றன. குட்டிகள் பிறந்த பிறகு பால் வழியாகவும் கொஞ்சம் போகின்றன. குட்டியின் ஈரல், நுரையீரல் என்று சுற்றிக் குடலுக்கு வந்து சேர்ந்து, மூன்று வாரத்திலேயே அவை முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு பெண்புழு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில், லட்சம் வரைகூட முட்டையிடும்.

தாய்க்குத் தவறாமல் மாத்திரை கொடுத்துவரும் வீடுகளிலும் இது நடக்கும் என்பதை வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான பூச்சி மாத்திரை குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். தசைக்குள் உறங்குவதை அது எட்டாது. ஆகவே "போன மாசம்தானே அம்மாவுக்குக் கொடுத்தோம்" என்ற நிம்மதி குட்டிகளுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இன்னொரு எதிரி கொக்கிப்புழு. தாயின் பாலில் கலந்து குட்டிக்குள் போய், குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். இரண்டு, மூன்று வாரக் குட்டியின் உடலில் இருக்கும் இரத்தமே கொஞ்சம். அதையும் உறிஞ்சிவிட்டால் ஈறு வெளிறி, தார் போலக் கறுப்பாக மலம் போய், பால் குடிக்கத் தெம்பில்லாமல் குட்டி ஒதுங்கிப் படுத்துவிடும். மலத்தில் முட்டை தெரியும் முன்பே செத்துப்போவதும் உண்டு. அதனால் "மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை" என்பதை இந்த வயதுக் குட்டிக்கு முடிவான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். மருந்து மட்டும் போதாமல் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் வரலாம்.

உருண்டைப்புழு மெதுவாகக் கொல்லும். வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிய, முடி பொலிவிழந்து நிற்கும் குட்டியைப் பார்த்து "நல்லா பால் குடிக்குது, வயிறு எப்படி இருக்கு பாருங்க" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வயிற்றில் இருப்பது பெரும்பாலும் புழு. எண்ணிக்கை கூடிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் எளிய வழி இருக்கிறது. குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்தில் முதல் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பிறகு நான்கு, ஆறு, எட்டாவது வாரங்களில் திரும்பக் கொடுக்க வேண்டும். அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒருமுறை கொடுத்து நிறுத்தினால் பயனில்லை. மருந்து கொடுக்கும் அன்று குடலில் இருப்பவைதான் சாகும். உடலில் சுற்றிக்கொண்டிருப்பவை அடுத்த வாரம் குடலுக்கு வந்து சேரும்.

குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாள்களில் தாய்க்கும் கொடுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். தாய் குட்டிகளை நக்கி நக்கித்தான் சுத்தம் செய்கிறது. அவற்றின் மலத்தையும் தின்றுவிடுகிறது. குட்டிகளிடமிருந்து வெளியேறும் புழு அப்படியே தாயின் குடலுக்குள் வந்து குடியேறுகிறது. குட்டிகளை மட்டும் சுத்தம் செய்து தாயை விட்டுவிட்டால் அந்த இடத்தில் புழு ஒழியாது. சினையாக இருக்கும்போதே தொடங்கும் முறையும் உண்டு. சினைப்பட்ட 40ஆம் நாள் முதல் குட்டி போட்ட 14ஆம் நாள் வரை தினமும் ஃபென்பென்டசோல் கொடுத்தால், குட்டிகளுக்குப் போகும் புழு வெகுவாகக் குறையும். நாய் சினைப்பட்டது தெரிந்ததுமே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும் எடை வேறுபடும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வாரக் குட்டிக்கும் பாதுகாப்பான பைரான்டெல் போன்ற திரவ மருந்துகள் கிடைக்கின்றன. மருத்துவர் சொல்லும் மில்லி அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக மெல்ல விடுங்கள். மறுநாள் மலத்தில் சேமியா போலப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. வாந்தி நிற்காவிட்டாலோ குட்டி துவண்டாலோ உடனே காட்டுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். தேசிய குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் மாத்திரையை நாய்க்கு உடைத்துப் போடாதீர்கள். சினை நாய்க்குக் கொடுத்தால் கருவுக்கே கேடு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குட்டிக்குப் போட்டால் அளவு எளிதில் மீறிவிடும். நரம்பு பாதித்து வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். கோலி போன்ற சில இனங்களுக்கு அது இன்னும் ஆபத்து. வீட்டு வைத்தியமும் வேண்டாம். பூண்டு நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைத்தால் சின்ன உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வெளியேறிவிடும்.

இது நாயோடு முடிகிற விஷயம் அல்ல. டாக்ஸோகாரா முட்டை குழந்தையின் வாய்க்குள் போனால், இளம்புழு ஈரலிலும் நுரையீரலிலும் அலைந்து காய்ச்சல், இருமல், இளைப்பை உண்டாக்கும். அரிதாகக் கண்ணுக்குள் போய் ஒரு கண்ணின் பார்வையைக் கெடுக்கும். குழந்தைக்கு ஒரு கண் மட்டும் மங்கினாலோ மாறுகண் தோன்றினாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் நாய் வளர்ப்பதையும் சொல்லுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, வளைந்து வளைந்து போகும் அரிக்கும் தடிப்பை உண்டாக்கும்.

இதைப் படித்துவிட்டு நாயைத் தெருவில் விடத் துணியாதீர்கள். பட்டினியில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன்படி குற்றம். அதற்கு அவசியமும் இல்லை. டாக்ஸோகாரா முட்டை மலத்தோடு விழுந்த உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர இரண்டு வாரமாவது ஆகும். முதிர்ந்துவிட்டால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும். பினாயில் ஊற்றினாலும் சாகாது. ஆகவே தினமும் மலத்தை அள்ளிவிடுவதுதான் மிகச் சிறந்த காவல். தரையில் கொதிநீர் ஊற்றிக் கழுவலாம். பிள்ளைகள் விளையாடும் மணலை மூடி வைக்க வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவ வைக்க வேண்டும்.

தெருவில் குட்டி போட்ட நாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குட்டிகளின் எடையையும் வயதையும் ஓரளவு கணித்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தாய்க்கான மாத்திரையை ஒரு துண்டுக் கோழிக்கறிக்குள் வைத்துக் கொடுத்தால் விழுங்கிவிடும்.

காசு கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்களுக்குச் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. விலங்குவதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகள், 2017இன்படி, நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நம் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கும் 30 நாள், 45 நாள் குட்டி வியாபாரம் இந்த விதிக்கு எதிரானது. தடுப்பூசி போட்ட தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, கவனித்த கால்நடை மருத்துவரின் விவரம் ஆகியவற்றை வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும். "எல்லாம் கொடுத்தாச்சு சார்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. அட்டையைக் கேளுங்கள், இரண்டாவது வாரத்திலிருந்து பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தாயையும் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. எலும்பும் தோலுமாக நிற்கும் தாயின் பாலைக் குடித்த குட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை அட்டை சொல்லாது.

பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாங்கிய ஓரிரு நாளில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரிடம் காட்டி, நிலையை எழுதி வாங்கி வையுங்கள். பூச்சி மருந்தே கொடுக்காமல் கொடுத்ததாகச் சொல்லி விற்றது தெரிந்தால், மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். செலவுக்கும் இழப்புக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். குட்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம். ரசீது, அட்டை, விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவரின் குறிப்பு, மலப் பரிசோதனை முடிவு இவற்றில் எதையும் அழித்துவிடாதீர்கள்.