மானிப்பாயில் ஒரு தமிழ் மருத்துவப் பள்ளி

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன், பின்னாளில் நியூயார்க் மாநகரை உருவாக்கியவர்களில் முதன்மையானவராகப் பெயர் பெற்றார். தம்பியோ அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தத் தொடங்கினார்.

மானிப்பாயில் நோயாளிகளுக்குக் குறைவே இல்லை. காய்ச்சல், கட்டி, எலும்பு முறிவு, சிக்கலான பிரசவம் என எல்லாம் ஒரே வாசலில் வந்து நின்றன. இடையிடையே காலராவும் பரவியது. ஒற்றை ஆள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? வந்த மறு ஆண்டே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தார் கிரீன். அவர் எழுத்தில் இறங்கியதும் இதன் தொடர்ச்சிதான். பாடம் நடத்தப் புத்தகம் வேண்டும், தமிழில் அப்படி ஒரு புத்தகமும் இல்லை.

முதலில் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஆங்கிலம் வழியே தேர்ந்தவர்கள் அரசுச் சம்பளத்தை நாடி வெளியூர் போய்விடுவதைக் கிரீன் கண்டார். தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே தங்கி, தம் மக்களுக்கு வைத்தியம் பார்ப்பார் என்று நம்பி, 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அவர் எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது இது. அரசும் மேல்தட்டும் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்திருந்த காலத்தில், ஐரோப்பிய மருத்துவம் முழுவதையும் தமிழில் கொடுத்துவிட முடியும் என்று ஓர் அயல்நாட்டவர் உறுதியாக நின்றார்.

தமிழ் நூல்களோ அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. கட்டர் எழுதிய உடலியல் நூல் 1852-இல் தமிழில் வந்தது. மான்செலின் பிரசவ நூல் 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’ ஆனது. துருவிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867-இல் ‘இரண வைத்தியம்’ ஆனது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872-இல் வெளியானது. வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். நாகர்கோவில் அச்சகத்தில் 1875-இல் அச்சானது. எல்லா நூல்களும் சேர்ந்து மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்.

இவ்வளவையும் அவர் தனியாகச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் போன்ற மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். திருத்துவதும் பதிப்பிப்பதும் கிரீனின் பொறுப்பு. ஒரு கருத்துக்குச் சொல் தேடும்போது முதலில் தமிழில் பார்ப்பது, இல்லையென்றால் வடமொழியில் பார்ப்பது, அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முறை. ‘அங்காதிபாதம்’ போன்ற வடமொழிச் சாயல் இன்றைய வாசகருக்குக் கடினமாக இருக்கும். ஆனால் நரம்பு, தசை, சுரப்பி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாக வேண்டிய முதல் தலைமுறைக்கு வேறு வழி குறைவு.

வைத்தியமும் எழுத்தும் சேர்ந்து அவர் உடலை வாட்டின. இடையில் 1857 முதல் 1862 வரை தாயகத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர், உடல்நிலை இடங்கொடாமல் 1873-இல் நிரந்தரமாக அமெரிக்கா சென்றார். பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. வூஸ்டரிலிருந்தபடியே தமிழ்ப் பக்கங்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். உடலியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தம் கல்லறையில் தாம் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்தார்கள்.

அவரிடம் பயின்று மருத்துவர் ஆனோர் 60-க்கும் மேல். அவர் விலகிய பிறகு தமிழ்வழி வகுப்பு நிலைக்கவில்லை. கொழும்பில் 1870-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆங்கிலவழியே எங்கும் வழக்கமானது. மானிப்பாய் மருத்துவமனை இன்று கிரீன் நினைவு மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது.