வேலையில் இருப்பவரை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்போது

பதுளை பஸாரில் கடை நடத்தும் நான் சில ஆண்டுகளுக்கு முன் செய்த பிழை ஒன்றை இவ்வாரம் எழுதுகிறேன். நமது வர்த்தகச் சகோதரர்கள் அதே பிழையைச் செய்யக்கூடாது என்பதே நோக்கம்.

கணக்கு எழுத ஒருவர் தேவைப்பட்டார். பசறைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விண்ணப்பித்தார். அப்போது அவர் நகரில் இன்னொரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். யோசிக்காமல் புதன்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொன்னேன். தாய்க்குச் சுகமில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் என் கடைக்குள் நுழைவதைக் கண்ட ஒருவர் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. நானோ வேறொருவரைத் தெரிவு செய்திருந்தேன். பொய் சொன்னது அவர் தவறுதான். ஆனால் பொய் சொல்லாமல் வரமுடியாத நேரத்தைக் கொடுத்தவன் நான்.

வேலையில் இருப்பவரை அழைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எப்போது வசதி?" என்பதுதான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி இரண்டாம் வருடத்திலிருந்து ஊழியருக்கு வருடத்துக்கு 7 நாள் அமைய விடுமுறை உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாத சேவைக்கு ஒரு நாள். சொந்த அலுவலுக்கும் அதை எடுக்கலாம். முன்கூட்டியே திகதி சொன்னால் அவர் பொய்யின்றி லீவு கேட்க முடியும்.

தோட்டத்தில் வேலை செய்பவரின் நிலை வேறு. காலைப் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் கிடையாது, சம்பளமும் குறையும். லுணுகலை, மடுல்சீமை பக்கமிருந்து நகருக்கு வந்து திரும்புவதற்கே பகல் போய்விடும். எனவே இப்போது முதற் பேச்சை மாலையில் தொலைபேசியில் முடித்துக்கொள்கிறேன். பொருத்தமானவர் என்றால் மட்டும் ஞாயிறு அல்லது போயா தினத்தில் நேரில் வரச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தைத் தவிர்க்க வேண்டும். கொழும்பில் கிளை வைத்திருப்போர் பதுளையிலிருந்து ஒருவரை அழைத்தால், சுமார் 230 கிலோமீற்றர் வருபவரை இரண்டு தடவை அலைக்கழிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கட்டும்.

அடுத்தது விசாரணை. நமது ஊரில் முதலாளிமார் ஒருவரையொருவர் அறிவோம். "உங்கள் பையன் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே அவரது இரகசியம் வெளியாகிவிடும். அது அமானிதம். பழைய முதலாளியிடமோ படிப்பித்த ஆசிரியரிடமோ விசாரிக்கலாம். தற்போதைய முதலாளியிடம் கேட்பதாக இருந்தால், நியமனக் கடிதம் கொடுத்த பிறகு, அவரது சம்மதத்தோடு கேட்க வேண்டும்.

மூன்றாவது, சேரும் திகதி. "நாளைக்கே வா" என்று அவசரப்படுத்தக் கூடாது. முன்னறிவித்தல் காலம் எவ்வளவு என்று அவரது நியமனக் கடிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. 4 வருடம் 10 மாதத்தில் ஒருவரை இழுத்துக்கொண்டால் அவர் இழப்பது இரண்டரை மாதச் சம்பளம். இரண்டு மாதம் பொறுத்தால் நமக்கு என்ன நஷ்டம்?

நம் ஊழியர் இன்னொரு இடத்தில் வேலை தேடுகிறார் என்று தெரியவந்தால் கோபம் வருவது இயல்பு. அந்நேரம் நமது தோட்டங்களின் சரித்திரத்தை நினைத்துப் பார்ப்பேன். ஒரு காலத்தில், தொழிலாளியின் கடனைக் குறித்துத் துரை கொடுக்கும் "துண்டு" இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் சேர முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் விடுதலை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. வேறு இடத்தில் வேலை கேட்டதற்காக ஒருவரை வெளியே போடுவது, அந்தத் துண்டை வேறு உருவில் நாமே கொண்டுவருவதாகும்.

என் கடையில் இப்போது, வேறு வேலைக்குப் போக விரும்புபவர் என்னிடம் சொல்லிவிட்டே லீவு எடுக்கலாம். சென்ற வருடம் ஒருவர் அப்படிச் சொல்லிப் போனார். போகுமுன் புதிதாக வந்தவருக்கு மூன்று வாரம் வேலை பழக்கிக் கொடுத்தார். கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை. அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.