ஆவியாகிப் போகும் வாரண்டி

பெட்டி பளபளக்கிறது, சார்ஜ் மட்டும் ஏற மறுக்கிறது. தடை செய்யப்பட்ட வேப்பரைசரை வாங்கியவர் யாரிடம் போய் முறையிடுவது?

மைசூரின் ஹெப்பாளைப் பெங்களூரில் உள்ள ஹெப்பாளோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மைசூர் ஹெப்பாள் ஒரு தொழிற்பேட்டை. இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் இங்குதான் இருக்கிறது. சர்க்யூட்டையும் சாஃப்ட்வேரையும் அறிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கையடக்க வேப்பரைசர் ஒன்று பழுதானால், அதைச் சட்டப்படி சரிசெய்து தரும் சர்வீஸ் சென்டர் இந்தப் பகுதியில் கிடையாது. இந்தியாவில் வேறெங்கும் இருக்கவும் முடியாது.

இங்கே பேசப்படுவது ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கும் கருவியோ, கொசு விரட்டும் திரவ மெஷினோ அல்ல. பேட்டரியால் சூடாகி, திரவத்தையோ இலையையோ ஆவியாக்கி, உள்ளிழுக்க வைக்கும் சாதனம். கர்நாடகம் இ-சிகரெட்டுகளை 2016 ஜூனிலேயே தடை செய்தது. தமிழ்நாடு 2018 செப்டம்பரில் அதே வழியில் சென்றது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பார்லிமென்ட் அதைச் சட்டமாக்கியது. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க ஆவி உண்டாக்கும் மின்னணுச் சாதனங்கள் எல்லாமே இதன் வரம்புக்குள் வருகின்றன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம்.

தடை வந்ததும் கடை ஷட்டரை மூடிவிட்டது. சரக்கு மட்டும் நிற்கவில்லை. 2023 ஜூலையில் இவற்றை விற்ற 15 இணையதளங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. போலிச் சரக்குக்கு இதைவிட நல்ல சந்தை அமையாது. அசல் கம்பெனி இங்கே கடை திறக்க முடியாது. எனவே போலியைப் பற்றிப் புகார் செய்ய அதற்கு இங்கே ஆளும் இல்லை.

பில் எங்கே?

ஹெப்பாளில் ஒருவர் தெரிந்தவர் மூலம் இப்படி ஒரு கருவியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வெளிநாட்டு பிராண்ட் பெயர், ஹோலோகிராம், சுரண்டிப் பார்க்கும் குறியீட்டு எண், வாரண்டி கார்டு எல்லாம் இருக்கின்றன. பில் மட்டும் இல்லை. சில வாரங்களில் சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வாரண்டி தருவதற்குப் பொதுவாகக் கேட்பவை இரண்டு: அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் பில், தங்கள் பதிவேட்டில் உள்ள சீரியல் எண். முதலாவது இவரிடம் இல்லை. இரண்டாவது, ஒரே எண்ணை ஆயிரம் பெட்டிகளில் அச்சடித்ததாகவும் இருக்கலாம்.

சரி, விற்றவர் மீது வழக்குப் போடலாமா? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது: சட்டம் தடுத்த ஒன்றை நோக்கமாகக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. வாரண்டி கார்டு வெறும் அட்டையாகிவிடுகிறது.

சார்ஜர் செய்யும் விஷமம்

சார்ஜ் ஏறாததால் மட்டும் கருவி போலி என்று முடிவு கட்டவும் முடியாது. டைப்-சி துளை உள்ள சாதனத்தின் உள்ளே 5.1 கிலோ ஓம் கொண்ட 2 சிறிய மின்தடைகள் இருக்க வேண்டும். தன்னோடு இணைந்திருப்பது மின்சாரம் வாங்க வந்த சாதனம் என்பதை இவற்றை வைத்தே நவீன சார்ஜர் தெரிந்துகொள்கிறது. சில பைசா மிச்சம் பிடிக்க இவற்றை விட்டுவிட்டால், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. பழைய பட்டை முனை கேபிளில் ஏறும். இந்தக் கஞ்சத்தனம் அசல் கம்பெனிகளிலும் உண்டு.

சார்ஜ் ஏறாத கருவியால் பணம்தான் நஷ்டம். அளவுக்கு மீறி ஏறும் கருவி ஆளையே சுடும். லித்தியம் அயான் செல்லில் சாதாரணமாக 4.2 வோல்ட் வரைதான் ஏற்றலாம். அந்த இடத்தில் நிறுத்த வேண்டியது உள்ளே உள்ள பாதுகாப்பு சர்க்யூட். அது மட்டமாக இருந்தாலோ இல்லாமலே போனாலோ, செல் சூடாகி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பித் தீயில் முடியும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் நடந்த 25 இ-சிகரெட் விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் 80 சதவிகிதம் சார்ஜ் ஏறும்போது நடந்தவை. கம்பெனி தராத சார்ஜரில் செருகுவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது குறிப்பிட்டது.

சார்ஜரே போலியானால்? யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. 99 சதவிகிதம் தோற்றன. வீட்டு மின்சாரம் கைக்கு வராமல் தடுக்கும் காப்பு அவற்றில் போதுமானதாக இல்லை. செல்லிலும் புரட்டு உண்டு. கருவிகளில் பரவலாக உள்ள 18650 ரகம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல செல்லின் கொள்ளளவே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணிதான். மேலே 9,900 என்று அச்சடித்திருந்தால் அது செல்லைப் பற்றிச் சொல்வதைவிட விற்றவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

சட்டம் கை கொடுக்கும் இடம்

இதே ஹெப்பாள்வாசி வாங்கியது செல்போன் சார்ஜர் என்றால் கதை வேறு. மின் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். அடாப்டர் மேல் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எண் இருக்க வேண்டும். அது உண்மையா என்று 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம். ஏமாந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் மைசூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டு. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

சில நூறு ரூபாய் சார்ஜருக்கு இத்தனை காவல். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய வேப்பரைசருக்கோ ஒன்றுமில்லை. உடல்நலத்துக்காக வந்த தடை, வாங்குபவரின் பாதுகாப்பையும் சேர்த்தே எடுத்துச் சென்றுவிட்டது. தடையை விலக்குவதா வேண்டாமா என்பது வேறு விவாதம். அது முடியும்வரை உப்பிய பேட்டரியோடு வீட்டில் கிடக்கும் கருவிக்கு ஒரே வைத்தியம்தான்: மறுபடி செருகிப் பார்க்கக் கூடாது, குத்தவோ பிரிக்கவோ கூடாது, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போன பணம் திரும்பாது. விரல்களாவது மிஞ்சும்.